ஊசிக்கு அப்புறம்தான் வேடிக்கையே!

ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்களைச் சும்மா கிடக்கவே விடமாட்டார்கள், தெரியுமா? பையில் அடைத்து, ஒரு தட்டில் படுக்கவைத்து, ராத்திரி பகல் பாராமல் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். இன்னொன்று கேளுங்கள். காலையில் சந்தான் மணக்கும் நாசி லெமாக்கை ஒரு பிடி பிடித்துவிட்டு நேரே ரத்தம் கொடுக்க வந்தவரின் பிளாஸ்மா, வெளுத்துக் கலங்கி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆய்வகத்தில் இருப்பவர்கள் பையைத் தூக்கிப் பார்த்தே, "இவர் காலையில நல்லா சாப்பிட்டிருக்கார்" என்று சொல்லிவிடுவார்கள்!

இந்த ரகசியமெல்லாம் எனக்குக் கிடைத்தது கம்போங் மேடானில் நடந்த ஒரு ரத்த தான முகாமில் மாட்டிக்கொண்டதால். நானாகப் போகவில்லை. எனக்கும் ஊசிக்கும் ஜென்மப் பகை. ரத்த தானம் என்று யாராவது வாயெடுத்தால் போதும், திடீர்த் தலைவலி, மாமியார் வருகை, காரில் பஞ்சர் என்று ஏதாவது ஒன்று எனக்குத் தவறாமல் வந்து சேரும். ஆனால் எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் இந்தச் சாக்குகள் எடுபடாது. அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. முதல் முறை கொடுக்க வருபவர்களுக்கு இங்கே அறுபதுதான் எல்லை என்பதால் அவரால் இனிக் கொடுக்க முடியாது. கொடுக்க முடியாதவருக்குத்தான் கொடுக்கவைக்கும் வெறி அதிகம். அடுக்குமாடியின் ஒவ்வொரு மாடியிலும் யார் யாருக்கு 45 கிலோவுக்கு மேல் எடை இருக்கும் என்று கண்ணாலேயே அளந்து வைத்திருக்கிறார். "உனக்கு எடைப் பிரச்சினையே இல்லை" என்று என்னிடம் சொன்னபோது அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று எனக்குப் புரியவில்லை.

கம்போங் மேடானைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய கிள்ளான் சாலையை ஒட்டி, பெட்டாலிங் ஜெயாவின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. தோட்டங்களை விட்டு வந்தவர்கள் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டி, பின்னால் அடுக்குமாடிகளுக்கு மாறிய வட்டாரம். 2001 மார்ச்சில் இங்கே நடந்த இனக் கலவரத்தில் ஆறு பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் வெகுகாலம், ஊர்ப் பெயரைச் சொன்னாலே கேட்பவரின் புருவம் உயரும். இந்த ஊரையும் ரத்தத்தையும் ஒரே வரியில் வைத்து உருக்கமாக எழுதுவது ரொம்பச் சுலபம். நான் அதைச் செய்யப்போவதில்லை. முகாமுக்கு வந்திருந்த தமிழர், மலாய்க்காரர், சீனர் யாரும் அன்று அதைப் பற்றிப் பேசவும் இல்லை. பேசியதெல்லாம் கார் நிறுத்த இடமில்லை என்பதைப் பற்றித்தான்.

மண்டபத்துக்குள் நுழைந்தால் அங்கே ஒரு முழு மருத்துவமனைப் பிரிவையே மடித்துக் கொண்டுவந்து விரித்திருந்தார்கள். வேனில் வந்த குழு ஒரு மணி நேரத்துக்குள் மடக்குக் கட்டில்களைப் போட்டு, திரைகளை நிறுத்தி, பெட்டி பெட்டியாக இறக்கி அடுக்கிவிட்டது. முந்தின நாள் பூப்பந்து விளையாடிய கோடுகளுக்கு மேலே கட்டில்கள். மேடையில் மைலோ அண்டா. ரத்தம் கொடுக்காமலே மைலோ குடிக்க வந்த பொடியன்கள் ஒரு கூட்டம்.

முதலில் படிவம். கேள்விகள் நீள்கின்றன. நேற்று ராத்திரி குறைந்தது ஐந்து மணி நேரம் தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா, பல் பிடுங்கினீர்களா, பச்சை குத்தினீர்களா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். நடுவில் ஒரு கேள்வி வந்து நம்மை நிறுத்தும்: 1980க்கும் 1996க்கும் இடையில் பிரிட்டனில் ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தீர்களா? கம்போங் மேடானில் இதைக் கேட்பானேன் என்று சிரித்தேன். எனக்குப் பின்னால் நின்ற ஓய்வு பெற்ற ஆசிரியர் சிரிக்கவில்லை. அவர் அந்தக் காலத்தில் அங்கே படித்தவர். பிரிட்டனில் 'மேட் கவ்' நோய் பரவியிருந்த வருடங்கள் அவை. அந்த மாட்டிறைச்சி வழியாக மனித மூளையைத் தாக்கும் நோய் வரலாம், அது ரத்தம் வழியாகவும் தொற்றலாம், ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமலும் இருக்கலாம் என்பதால் அவர் கொடுக்க முடியாது. "நான் அங்க சைவம்தாம்மா சாப்பிட்டேன்" என்று மன்றாடிப் பார்த்தார். விதி விதிதான். அவரைப் பெரியம்மா உடனே பிஸ்கட் மேசைக்குப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டார். ஒருவரையும் வீணாக்க மாட்டார் பெரியம்மா.

அடுத்து வந்ததுதான் என்னை மயக்கிய மேசை. சின்னக் கண்ணாடிக் குடுவையில் பளிச்சென்ற நீலத் தண்ணீர். என்ன அது என்று கேட்டேன். மயில்துத்தக் கரைசலாம்! விரல் நுனியில் ஒரு சின்னக் குத்து. இதுதான் அந்த ஊசி என்று நினைத்து "முடிஞ்சிடுச்சா?" என்றேன். குத்திய மிஸ்ஸி, அதாவது நர்ஸ், சிரிக்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேர் இதையே கேட்பார்களோ. குழாயில் எடுத்த ரத்தத்தை மேலே இருந்து ஒரே ஒரு சொட்டு விட்டார். சொட்டு நீலத்துக்குள் கலையாமல் குட்டி உருண்டையாக ஒரு நொடி தயங்கியது, பிறகு விறுவிறுவென்று அடிக்கு இறங்கியது. "லுலுஸ்!" என்றார் மிஸ்ஸி. பாஸ்!

விஷயம் ரொம்ப எளிது, ரொம்ப அழகு. அந்தக் கரைசலின் அடர்த்தியை 1.053 என்று சரியாக அமைத்து வைத்திருக்கிறார்கள். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 12.5 கிராமாவது ஹீமோகுளோபின் இருந்தால் அந்தச் சொட்டு கரைசலைவிடக் கனம், மூழ்கும். குறைந்தால் தத்தளிக்கும், மேலே வரும். சொட்டைத் தொட்டதும் துத்தம் அதைச் சுற்றி ஒரு மெல்லிய தோலைக் கட்டிவிடுவதால்தான் அது கால் நிமிடம் கலையாமல் நிற்கிறது. மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் அடர்த்தி என்ற பாடத்தை இப்படி நடத்தியிருந்தால் நான் அறிவியல் பிரிவுக்கே போயிருப்பேன்.

எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் சொட்டு மிதந்தது. முப்பது வயது இருக்கும், தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. இத்தனை நாளாகப் படி ஏறினால் மூச்சு வாங்குவதற்கும், மத்தியானம் ஆனால் கண்ணைச் செருகுவதற்கும் வேலைக் களைப்பே காரணம் என்று நினைத்திருந்தவர். மருத்துவர் தனியே உட்காரவைத்துப் பேசினார். கிளினிக்கில் முழுப் பரிசோதனை செய்யச் சொன்னார். கூடவே, சாப்பாட்டோடு தேநீர் குடிக்கிறீர்களா என்றும் கேட்டார். அந்த வரிசையில் நின்ற எங்கள் எல்லாருக்கும் சுருக்கென்றது. நாம் ரொட்டிக்கும் தே தாரிக், தோசைக்கும் தே தாரிக் என்று வாழ்கிறவர்கள் அல்லவா! தேயிலையில் இருக்கும் துவர்ப்புப் பொருள், சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் மறிக்கிறது. கீரை சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் கீரையின் பலன் பாதி வீண். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம், சாப்பாட்டில் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். கொடுக்க வந்து கொடுக்க முடியாமல் திரும்பிய அந்தப் பெண்தான் அன்று மண்டபத்திலிருந்து எல்லாரையும்விட அதிகமாகக் கொண்டுபோனவர் என்பது என் கணக்கு. பெரியம்மா அவரையும் விடவில்லை. "சத்து ஏறினதும் வா, உன் பேரு லிஸ்ட்ல இருக்கு."

ரத்த வகை பார்ப்பது அடுத்த ஆட்டம். வெள்ளை ஓட்டில் சொட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. திரிந்தால் ஒரு வகை, திரியாவிட்டால் இன்னொரு வகை. 1901இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் தன் ஆய்வகத்துச் சகாக்களின் ரத்தத்தையே ஒன்றோடொன்று கலந்து பார்த்துக் கண்டுபிடித்த அதே வித்தை. அவருக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூன் 14தான் இப்போது உலக ரத்த தானிகள் தினம். நான் ஏதோ அபூர்வ வகையாக இருப்பேன் என்று உள்ளூர ஒரு ஆசை. "பி பாசிட்டிவ்" என்றார் மிஸ்ஸி. நம்மவர்களிடம் தாராளமாகக் கிடைக்கும் வகை. சரி, போகட்டும்.

இனித் தள்ளிப்போட எதுவும் இல்லை. கட்டில்.

ஊசியைப் பற்றிச் சொல்லாமல் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள். சொல்கிறேன். அது மெல்லிய ஊசி இல்லை. ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே தடிப்பு. ஏன் இத்தனை தடிப்பு என்றால், இடுக்கான குழாயில் நெரிபட்டுச் சிவப்பணுக்கள் உடையக் கூடாது, ரத்தமும் தங்குதடையின்றி ஓடவேண்டும். மிஸ்ஸி முழங்கை மடிப்பில் விரலால் தட்டி, தடவி, கண்ணை மூடிக்கொண்டு ரத்த நாளத்தைத் தேடினார். பார்ப்பதைவிடத் தொடுவதுதான் நம்பகமாம். "தாரேக் நாஃபாஸ், கக்" என்றார். மூச்சை இழுத்தேன். ஒரு கடி. அவ்வளவுதான்! இதற்கா இத்தனை வருடம் மாமியாரை வரவழைத்தேன்?

எனக்கு ஆறுதல் சொல்ல ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன். பதினாலு வயதில், 1951இல், நெஞ்சில் பெரிய அறுவைச் சிகிச்சை. முன்பின் தெரியாதவர்களின் ரத்தத்தால் பிழைத்தார். பதினெட்டு வயது ஆனதும், 1954இல் கொடுக்கத் தொடங்கினார். 2018இல், 81 வயதில் நிறுத்தும்போது கணக்கு 1,173. இத்தனைக்கும் மனிதருக்கு ஊசி என்றால் ஆகவே ஆகாது! ஊசி இறங்கும்போது ஒருமுறைகூட அந்தப் பக்கம் பார்த்ததில்லை. கூரையைப் பார்ப்பார், நர்ஸுகளிடம் கதை பேசுவார். அவருடைய பிளாஸ்மாவில் அபூர்வமான ஓர் எதிர்ப்பொருள் இருந்தது. தாய்க்கு ஆர்எச் நெகட்டிவ், வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் பாசிட்டிவ் என்றால், தாயின் உடம்பே குழந்தையின் ரத்தத்தைத் தாக்கக்கூடும். அதைத் தடுக்கும் 'ஆன்டி-டி' ஊசி மருந்து இப்படிப்பட்டவர்களின் பிளாஸ்மாவிலிருந்துதான் வருகிறது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அவரால் பயன் பெற்றதாகச் சொல்கிறார்கள். 2025 பிப்ரவரியில், 88 வயதில் இறந்தார். ஊசிக்குப் பயந்தவர் கொடுத்ததும் ஊசி மருந்துதான் என்பதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். கட்டிலில் படுத்தபடி தனியாகச் சிரித்ததைப் பார்த்து மிஸ்ஸி, "பெனிங்?" என்று கேட்டார். மயக்கம் இல்லை, மகிழ்ச்சி!

பயம் போனதும் கண் திறந்துவிட்டது. கட்டிலுக்குக் கீழே என் ரத்தப்பை ஒரு குட்டித் தூளியில் ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டிக்கொண்டே எடையும் பார்க்கும் தராசு அது. வேண்டிய அளவு வந்ததும் கீச்சென்று கத்தி ஆளைக் கூப்பிடும். உடம்பு எடைக்கேற்ப 350 அல்லது 450 மில்லிலிட்டர் எடுக்கிறார்கள். நமக்குள் ஓடுவதோ ஏறக்குறைய ஐந்து லிட்டர். பை காலியாகவும் வருவதில்லை. அடியில் கொஞ்சம் சிட்ரேட் கரைசல் இருக்கிறது. 450 மில்லி பைக்கு 63 மில்லி. ரத்தம் உறைவதற்குக் கால்சியம் வேண்டும், சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. அதனால்தான் ஆட்டுகிறார்கள், இரண்டும் நன்றாகக் கலக்கவேண்டும். 1914க்கு முன்னால் இந்தச் சூட்சுமம் தெரியாமல், கொடுப்பவரையும் வாங்குபவரையும் அருகருகே படுக்கவைத்து, இருவரின் நாளங்களையும் நேராக இணைத்துத் தைத்த காலம் ஒன்று இருந்தது. அதை நினைத்தால் என் ஊசி வெறும் கொசுக்கடி.

முதலில் வரும் கொஞ்சம் ரத்தம் பெரிய பைக்குள் போகாமல் பக்கத்தில் ஒரு சிறு பைக்குத் திரும்புவதையும் பார்த்தேன். ஊசி துளைத்த இடத்துத் தோலோடு கிருமி ஏதும் வந்திருந்தால் அது நோயாளியிடம் போகக் கூடாது. அந்த முதல் ரத்தத்தில்தான் பரிசோதனைக் குழாய்களை நிரப்புகிறார்கள். ஒன்றையும் வீணாக்காத இந்தக் குழுவில் பெரியம்மாவுக்கு நிச்சயம் வேலை கிடைக்கும்.

பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. மைலோ, பிஸ்கட், கால் மணி நேரம் உட்காரவேண்டும் என்ற கட்டளை. அங்கேதான் அன்றைய பரபரப்பு. உறுமி மேளக் குழுவில் அடிக்கும் ஒரு தம்பி, கை இரண்டும் கட்டை கட்டையாக இருக்கும், கொடுத்து முடித்துக் கம்பீரமாக எழுந்து நான்கு எட்டு நடந்தான். ஐந்தாவது எட்டில் தரையில். ஒருவரும் பதறவில்லை! மிஸ்ஸிகள் இரண்டு பேர் வந்து படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தார்கள். சற்று நேரத்தில் முழித்து, "நான் விழல, உக்காந்தேன்" என்றான். நரம்பு ஒன்று இதயத்தை 'மெதுவாகப் போ' என்று தப்பாக அதட்டிவிடுகிறது, ரத்தக் குழாய்களும் தளர்கின்றன, மூளைக்குப் போவது குறைகிறது. பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முதல் முறை வருபவர்களுக்கும் இளவட்டங்களுக்கும் வருவது சகஜம். முன்கூட்டியே அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, கட்டிலில் படுத்திருக்கும்போது காலைப் பின்னித் தொடைச் சதையை இறுக்கி இறுக்கி விட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். தம்பியின் நண்பர்கள் அவன் விழுந்ததைப் படம் பிடித்திருந்தார்கள். அதற்கு மருந்து இல்லை.

கொடுத்தவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் குறிப்பிட்ட காலத்துக்குக் கட்டணச் சலுகை உண்டு. இன்னொரு பரிசும் தருகிறார்கள்: ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி இலவசம். ஊசி போட்டுக்கொண்டதற்குப் பரிசு இன்னொரு ஊசி! யார் யோசனையோ, வாழ்க.

என் ரத்தம் எங்கே போகிறது என்று நச்சரித்துக்கொண்டே இருந்ததில், பெரியம்மாவின் ஏற்பாட்டுக் குழுவோடு என்னையும் ஒரு மருத்துவமனை ரத்த வங்கிக்குள் அழைத்துப்போய்க் காட்ட ஒப்புக்கொண்டார்கள். எங்களுக்குச் சுற்றிக் காட்டியது அங்கே ஆய்வகத்தில் வேலை செய்யும் சுங்கை பட்டாணிக்காரத் தங்கை ஒருத்தி. அவளுக்குத் தன் வேலை மேல் இருந்த காதலைப் பார்க்கவே இன்னொரு முறை போகலாம்.

முதலில் சுழற்சி இயந்திரம். தொப்பென்று மூடி திறந்ததும் உள்ளே ஆழமான கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ரத்தப்பை. எதிரெதிர்க் கிண்ணங்கள் எடையில் ஒத்துப்போகவேண்டும், இல்லாவிட்டால் இயந்திரம் நடுங்கி ஊரைக் கூட்டும். நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்று. நின்றதும் பையை எடுத்துக் காட்டினாள். என் வாயிலிருந்து "ஐயோ!" என்றுதான் வந்தது. ஒரே சிவப்பாகப் போனது இப்போது அடுக்கடுக்காக நின்றது. அடியில் கருஞ்சிவப்பு. மேலே பொன்னிறத் தெளிவு. இரண்டுக்கும் நடுவே விரல் நகத்தளவு வெளிர்ப் படலம். கீழே சிவப்பணு, மேலே பிளாஸ்மா, நடுப்படலத்தில் வெள்ளையணுவும் தட்டணுவும். பையை ஓர் அழுத்துப் பலகையில் வைத்து மெல்ல நெருக்க, பிளாஸ்மா மேலே ஏறி, இணைத்திருந்த வேறு பைக்குள் வழிந்து போயிற்று. ஒருவர் கொடுத்தது மூன்று பேருக்குப் போகும் ரகசியம் இதுதான்.

வரிசையாகத் தொங்கிய பிளாஸ்மாப் பைகளில் ஒன்று மட்டும் வெளுத்துக் கலங்கி இருந்தது. "நாசி லெமாக்கா?" என்று பெரியம்மா கேட்க, "நாசி லெமாக்கோ, நெய் ரொட்டியோ" என்றாள் தங்கை. சாப்பிட்ட கொழுப்பு ரத்தத்தில் மிதக்கும் நேரத்தில் எடுத்தது. ரொம்பக் கலங்கினால் அந்தப் பிளாஸ்மாவைப் பயன்படுத்த முடியாது, சில பரிசோதனைகளும் குழம்பும். சாப்பிட்டுவிட்டுத்தான் வரவேண்டும், ஆனால் இட்லியாக இருந்தால் நல்லது. அன்றைக்கு மண்டபத்து வாசலில் நாசி லெமாக் விற்றவர் பெரியம்மாவின் கண்ணில் பட்டால் அவ்வளவுதான்.

பரிசோதனைக் கூடத்தில் என் குழாய் தனிப் பயணம் போகிறது. எச்ஐவி, ஹெப்பாடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ் எல்லாம் பார்க்கிறார்கள். கிருமிக்கு எதிராக உடம்பு விழித்துக்கொள்ளும் முன்னரே கிருமியின் மரபுப் பொருளை நேரடியாகத் தேடும் சோதனையும் இருக்கிறது. எல்லாம் தேறும்வரை பை தனி அலமாரியில் காத்திருக்கும். அதிகாரபூர்வமாக விடுவிக்கப்பட்ட பிறகுதான் பெரிய குளிரறைக்குப் போகும்.

குளிரறை! 2இலிருந்து 6 டிகிரி. பல் கிட்டியது. சிவப்பணுப் பைகளை வகை வகையாக அடுக்கியிருந்தார்கள். நவீனக் கரைசலில் வைத்தால் 42 நாள் தாங்கும். ஓ, பி, ஏ என்று நிறைந்த தட்டுகள். மூலையில் கொஞ்சமே பைகள் இருந்த ஒரு தட்டைக் காட்டி, "இது நம்ம ஆளுங்க தட்டு" என்றாள் தங்கை கண்ணடித்து. ஆர்எச் நெகட்டிவ். சீனர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் நூற்றில் ஒருவருக்குக்கூட இந்த வகை இல்லை. இந்திய வம்சாவளியினரிடம் நூற்றில் ஐந்து பேர் அளவுக்கு உண்டு. இந்த நாட்டில் ஆர்எச் நெகட்டிவ் பை தேவைப்பட்டால், எண்ணிக்கையில் சிறிய நம் சமூகத்தின் கதவுதான் முதலில் தட்டப்படும். எந்தத் தேர்தல் கணக்கிலும் நாம் இவ்வளவு முக்கியமானவர்களாக இருந்ததில்லை! அதைவிட அபூர்வம், 1952இல் பம்பாயில் பெண்டே என்ற மருத்துவரும் குழுவினரும் கண்டறிந்த 'பாம்பே' வகை. ஓ போலத் தெரியும், ஆனால் ஓ ரத்தமே சேராது. அந்த வகைக்காரருக்கு அதே வகைக்காரர்தான் கொடுக்கமுடியும். இந்தியாவில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவர். என் பி பாசிட்டிவ் தட்டு மட்டும் வழிய வழிய இருந்தது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. "கவலைப்படாதிங்க அக்கா, நிறைய பேருக்கு இருக்கிற வகைன்னா நிறைய பேருக்குத் தேவைப்படுற வகைன்னு அர்த்தம்" என்றாள். தலசீமியா உள்ள பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்றவேண்டும். இந்தத் தட்டுகள் அவர்களுடைய மாதக் காலண்டர்.

கடைசியாகத் தட்டணு அறை. இங்கே குளிரில்லை. 20இலிருந்து 24 டிகிரி. குளிர்ந்தால் தட்டணு கெடும், அசைவு நின்றால் ஒட்டும். தட்டுகள் இடமும் வலமுமாக அலுக்காமல் போய் வந்துகொண்டிருந்தன. நாலைந்து பேருடைய நடுப்படலங்களைச் சேர்த்தால்தான் ஒரு பெரியவருக்கான ஒரு பை. ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு இது இல்லாமல் முடியாது. ஆனால் ஆயுள் ஐந்தே நாள். பரிசோதனைக்கே ஒரு நாளுக்கு மேல் போய்விடும்.

"அப்ப பெருநாள் லீவுல?" என்று கேட்டேன்.

தங்கை பெருமூச்சு விட்டாள். நோன்புப் பெருநாளோ, சீனப் புத்தாண்டோ, தீபாவளியோ, கொடுப்பவர்கள் எல்லாரும் சொந்த ஊருக்குப் பாலேக் கம்போங். நோயாளிகள் மட்டும் இங்கேயே. சிவப்பணுவைச் சேர்த்து வைக்கலாம், தட்டணுவைச் சேர்த்துவைக்க முடியாது. பிறகு பெரியம்மா பக்கம் திரும்பினாள். "தீபாவளிக்கு முந்தின ஞாயிறு ஒரு முகாம் போட முடியுமா பெரியம்மா?"

"அந்த வாரமா? முறுக்கு யாருடி பிழியறது?"

"ரத்தம் குடுத்த கையால அன்னிக்கு எதையும் அழுத்தக்கூடாது. மத்த கையால பிழியச் சொல்லுங்க."

"முறுக்கு உரலுக்கு ரெண்டு கையும் வேணும்டி, நீ பிழிஞ்சிருந்தா தெரியும்." பெரியம்மா யோசித்தார். ஆடும் தட்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நெய் உருண்டைக்கு ஒரு கை போதும்."

மின்தூக்கி கீழே வந்து சேர்வதற்குள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் முகாம் தேதி வந்துவிட்டது. பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள்: இடது கை ஊசிக்கு, வலது கை நெய் உருண்டைக்கு.